பார்பரா ஸ்டீல் பேசாத வசனங்கள்

நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பார்பரா ஸ்டீல் நடித்த 'பிளாக் சண்டே' என்ற பழைய இத்தாலியப் பேய்ப்படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் இங்கிலாந்துக்காரர். ஆனால் அந்தப் படத்தின் ஆங்கிலப் பதிப்பில்கூடக் கேட்பது அவர் குரல் இல்லை என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். சொந்த ஊரில் வாய்ப்பில்லாமல்தான் இத்தாலிக்குப் போனாரா, குரலே வேறொருவருடையது என்றால் அதைப் போய் எப்படி நல்ல நடிப்பு என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்கு வரலாறு தெரிந்தால் போதும். இரண்டாவது பாதிதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. நான் சென்னையில் 22 வருடமாக டப்பிங் ஒலிப்பதிவு செய்கிறேன். ஒருவருடைய முகத்துக்கு இன்னொருவருடைய குரலைப் பொருத்துவதுதான் என் வேலை. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: இத்தாலி மொழி எனக்குத் தெரியாது. அந்தப் படங்களை சப்டைட்டில் வைத்துத்தான் பார்த்தேன். ஆகவே இத்தாலியக் குரல் கலைஞர்களின் உச்சரிப்பு நயம் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உதடு, மூச்சு, கண், காட்சியின் தாளம், இவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஸ்டீல் பிறந்தது லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிர்கன்ஹெட் என்ற கப்பல் கட்டும் ஊரில். ஓவியம் படித்தவர். 1950களின் கடைசியில் பிரிட்டனின் பெரிய பட நிறுவனமான ரேங்க், இளம் நடிகர்களை மாதச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் செய்யும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. அந்த வழக்கத்தின் கடைசி வரிசையில் சேர்ந்தவர்களில் இவரும் ஒருவர். 1958இல் 'பேச்சலர் ஆஃப் ஹார்ட்ஸ்', 1959இல் 'சஃபயர்' என்று சில படங்களில் சின்னச் சின்ன வேடங்கள். பெரிய கண், உயர்ந்த கன்ன எலும்பு, கருங்கூந்தல். அன்றைய பிரிட்டிஷ் படங்களில் வந்த பக்கத்து வீட்டுப் பெண் வேடங்களுக்கு இந்த முகம் பொருந்தவில்லை. பிறகு ரேங்க் அவருடைய ஒப்பந்தத்தை ஹாலிவுட்டின் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்கு விற்றுவிட்டது. ஆக, ஊரில் வாய்ப்பே இல்லாமல் போனவர் என்று சொல்ல முடியாது. வாய்ப்பு கொடுத்தவர்களுக்கு இவரை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பல இடங்களில் எழுதப்படும் ஒரு கதையைச் சரிபார்க்க வேண்டும். எல்விஸ் பிரெஸ்லியோடு 'ஃபிளேமிங் ஸ்டார்' படத்தில் நடிக்க ஆரம்பித்தார், இயக்குநரோடு சண்டை போட்டுக்கொண்டு பாதியில் வெளியேறினார், நேராக இத்தாலிக்கு விமானம் ஏறினார், அங்கே 'பிளாக் சண்டே' கிடைத்தது என்பார்கள். அந்தப் படத்திலிருந்து அவர் விலகியதும் அவருடைய வேடம் பார்பரா ஈடனுக்குப் போனதும் உறுதி. ஏன் விலகினார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், அதை அப்படியே விட்டுவிடுவோம். ஆனால் தேதிகள் இந்தக் கதைக்கு ஒத்துவரவில்லை. பிரெஸ்லி ராணுவத்திலிருந்து விடுபட்டது 1960 மார்ச்சில். அதற்குப் பிறகு அவர் முதலில் நடித்தது 'ஜி.ஐ. புளூஸ்'. அடுத்ததுதான் 'ஃபிளேமிங் ஸ்டார்'. 'பிளாக் சண்டே'யோ அந்த வசந்த காலத்திலேயே எடுத்து முடிக்கப்பட்டு 1960 ஆகஸ்டில் இத்தாலியில் வெளியாகிவிட்டது. அதாவது இத்தாலிப் படம்தான் முன்னால். அவர் இத்தாலிக்குப் போன நேரத்தில் ஹாலிவுட்டில் நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தத்தால் படப்பிடிப்புகள் நின்றிருந்தன. சண்டை போட்டு ஓடிப்போன கதாநாயகி என்ற கதை சொல்வதற்கு நன்றாக இருக்கிறது, அதனால்தான் நிலைத்துவிட்டது.

சரி, இத்தாலிக்கு ஏன் ஓர் ஆங்கிலப் பெண் தேவைப்பட்டார்? 1957இல் ரிக்கார்டோ ஃப்ரெடா 'இ வாம்பிரி' என்ற படத்தை இயக்கினார். பேசும் படம் வந்த பிறகு இத்தாலியில் எடுக்கப்பட்ட முதல் பேய்ப்படம் என்று பொதுவாக அதைச் சொல்வார்கள். ஃப்ரெடா பாதியில் விலகிவிட, ஒளிப்பதிவாளர் மாரியோ பாவாதான் அதை முடித்துக்கொடுத்தார். படம் ஓடவில்லை. தியேட்டர் வாசலில் போஸ்டரைப் பார்த்து ஆர்வமாக நிற்கும் ஜனங்கள், இத்தாலியப் பெயரைப் படித்ததும் நகர்ந்துவிடுவதைத் தான் நேரில் கண்டதாக ஃப்ரெடா பிற்காலத்தில் சொன்னார். பேய் என்றால் இங்கிலாந்தில் மூடுபனிக்குள் இருக்க வேண்டும், இத்தாலியில் பேய் ஏது என்ற மனநிலை. அடுத்த வருடமே பிரிட்டனின் ஹேமர் நிறுவனம் எடுத்த 'டிராகுலா' வந்து எங்கும் ஓடியது. அதற்குப் பிறகு இத்தாலிய இயக்குநர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஃப்ரெடா 'ராபர்ட் ஹாம்ப்டன்' ஆனார். அந்தோனியோ மார்கெரிட்டி 'அந்தோணி டாசன்' ஆனார். பாவாவே ஒரு படத்தில் 'ஜான் எம். ஓல்ட்' என்று போட்டுக்கொண்டார். செர்ஜியோ லியோனே தன் முதல் கௌபாய் படத்தில் 'பாப் ராபர்ட்சன்' என்று வந்ததும் இதே வழக்கத்தில்தான். எல்லோரும் பொய்ப்பெயர் தேடிக்கொண்டிருந்த அந்தச் சந்தையில், பார்பரா ஸ்டீல் என்பது ஒரு நிஜமான ஆங்கிலப் பெயர். போஸ்டரில் அதற்கு விலை இருந்தது.

மற்றவர்களின் படங்களைக் காப்பாற்றி முடித்துக்கொடுத்த பாவாவுக்கு, கலாட்டெயா என்ற நிறுவனம் தனியாக இயக்கும் வாய்ப்பைக் கொடுத்தது. அவர் ருஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'விய்' கதையைக் கையில் எடுத்தார். அது 'பிளாக் சண்டே' என்ற படமாக வந்தபோது அதில் கோகோல் கொஞ்சம்தான் மிஞ்சினார். ஸ்டீலுக்கு அதில் இரண்டு வேடம். 17ஆம் நூற்றாண்டில் உட்பக்கம் ஆணிகள் வைத்த முகமூடியை முகத்தில் அறைந்து கொல்லப்படும் சூனியக்காரி ஆசா. இருநூறு வருடம் கழித்து அதே வம்சத்தில் பிறந்த, அதே முகம் கொண்ட காத்யா. பாவா அடிப்படையில் ஒளிப்பதிவாளர் என்பதை மறக்கக்கூடாது. 'இ வாம்பிரி'யில் ஒரு பெண் கண்ணெதிரே கிழவியாகும் காட்சியை வெட்டு இல்லாமல் எடுத்தவர். முகத்தில் சுருக்கங்களை வண்ண மேக்கப்பால் வரைந்து, அதே வண்ண விளக்கைப் போட்டால் கறுப்பு வெள்ளைப் படத்தில் கோடு தெரியாது. விளக்கின் நிறத்தை மெல்ல மாற்றினால் சுருக்கம் தானாக எழுந்து வரும். இப்படி முகத்தையே ஒரு திரையாகப் பார்த்த மனிதரின் கையில் ஸ்டீலின் முகம் கிடைத்தது. இடிந்த தேவாலயத்தின் வாசலில், இரண்டு நாய்களைப் பிடித்தபடி காத்யா முதல்முதலாக நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, இவள் நல்லவளா கெட்டவளா என்ற சந்தேகம் நமக்குள் இறங்கிவிடுகிறது.

இப்போது குரலுக்கு வருகிறேன். அன்றைய இத்தாலியில் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிப்பதிவு என்பது பெரும்பாலும் பெயருக்குத்தான். எங்கள் பேச்சில் பைலட் ட்ராக் என்போமே, அப்படி ஒரு வழிகாட்டி ஒலி இருந்தால் உண்டு. பல தேசத்து நடிகர்கள் அவரவர் மொழியில் பேசுவார்கள். இயக்குநர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருப்பார். புகழ்பெற்ற இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினி சில சமயம் வசனத்துக்குப் பதிலாக நடிகர்களை எண்களைச் சொல்ல வைத்தார் என்பது பிரபலமான செய்தி. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. தமிழ் தெரியாத நாயகிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாயசைத்த காட்சிகளுக்கு உட்கார்ந்து உதடு பொருத்தியவன் நான். படம் முடிந்த பிறகு ரோமில் டப்பிங் கூடத்தில் இத்தாலியக் கலைஞர்கள் எல்லோருக்கும் குரல் கொடுப்பார்கள். வெளிநாட்டு விற்பனைக்கான ஆங்கிலப் பதிப்பையும் ரோமில் குடியிருந்த ஆங்கிலம் பேசும் கலைஞர்களை வைத்தே முடித்துவிடுவது வழக்கம். நடிகை அதற்குள் வேறு படத்துக்கோ வேறு நாட்டுக்கோ போயிருப்பார். டப்பிங்குக்குத் திரும்பக் கூப்பிட்டால் தனிச் செலவு. ஆக, ஆங்கிலம் பேசும் நடிகைக்கு ஆங்கிலத்தில் இன்னொருவர் குரல் கொடுத்தது அவரை அவமதிக்கச் செய்த ஏற்பாடு இல்லை, அங்கே வேலை நடந்த முறையே அதுதான். 'பிளாக் சண்டே'யை வாங்கிய அமெரிக்க நிறுவனம் ஏ.ஐ.பி. ஒரு படி மேலே போய், சொந்தமாகப் புதிய ஆங்கில டப்பிங் செய்து, ரொபெர்ட்டோ நிக்கோலோசியின் இசையை எடுத்துவிட்டு லெஸ் பாக்ஸ்டரின் இசையைப் போட்டு, 1961இல் வெளியிட்டது. ஸ்டீல் பிறந்த பிரிட்டனிலோ தணிக்கைக் குழு அனுமதியே தரவில்லை. 1968இல்தான், வேறு தலைப்பில், அங்கே திரைக்கு வந்தது. அவரைப் புகழாக்கிய படத்தை அவருடைய ஊர்க்காரர்கள் ஏழெட்டு வருடம் பார்க்க முடியவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தமான விஷயம்.

குரல் விஷயத்தில் அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1961இல் அமெரிக்க இயக்குநர் ரோஜர் கோர்மன் 'தி பிட் அண்ட் தி பெண்டுலம்' படத்துக்கு அவரைக் கூப்பிட்டார். ஆங்கிலப் படம், ஆங்கில நடிகை. ஆனாலும் முடிந்த படத்தில் அவர் குரல் இல்லை. அவருடைய ஆங்கில உச்சரிப்பு மற்ற நடிகர்களின் பேச்சோடு சேரவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அது எவ்வளவு நியாயம் என்று அசல் ஒலியைக் கேட்காமல் யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு டப்பிங்காரனாக எனக்குப் புரிகிற விஷயம் ஒன்று உண்டு. ஒரு முகம் இவ்வளவு விசித்திரமான அழகோடு இருந்தால், அதற்கு எந்த நிஜக் குரலைக் கொடுத்தாலும் தயாரிப்பாளருக்குப் போதாது என்று தோன்றிவிடும். அந்த முகத்துக்கு ஏற்ற குரல் ஒன்றை மனதில் கற்பனை செய்துகொண்டு அதைத் தேடிக்கொண்டே இருப்பார்.

அதற்குப் பிறகு 1962 முதல் 1966 வரை ஒரே ஓட்டம். எல்லாப் படத்தையும் வரிசையாகச் சொல்லிப் பயனில்லை. சில படங்களில் கதையும் இல்லை, பணமும் இல்லை. மாசிமோ புபில்லோவின் 'டெரர் கிரியேச்சர்ஸ் ஃப்ரம் தி கிரேவ்' போன்றவற்றில் அவர் வந்து நின்றாலே போதும் என்று விட்டிருக்கிறார்கள். ஆனால் ஃப்ரெடாவின் இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1962இல் வந்த 'தி ஹாரிபிள் டாக்டர் ஹிச்காக்' படத்தில் பிணங்களின் மேல் ஆசை கொண்ட ஒரு மருத்துவரின் இரண்டாவது மனைவி. முழுக்க முழுக்கப் பயந்த பெண். மருத்துவராக நடித்த ராபர்ட் ஃப்ளெமிங்கும் பிரிட்டிஷ்காரர்தான். அடுத்த வருடம் 'தி கோஸ்ட்'. அதில் கணவனைக் கொல்லத் துணியும் மனைவி. இரண்டும் வண்ணப் படங்கள், இரண்டிலும் பெரிய பழைய வீடு, படிக்கட்டு, கையில் விளக்கு. ஆனால் முதல் படத்தில் நடக்கும்போது உடம்பு எப்போதும் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும், கதவைத் திறக்கும் கை தயங்கும். இரண்டாவதில் கை முந்திக்கொள்கிறது, தலை பிறகுதான் திரும்புகிறது. இதை எந்த டப்பிங் கலைஞரும் கொடுக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது மார்கெரிட்டி 1964இல் வெளியிட்ட 'காசில் ஆஃப் பிளட்', இத்தாலியில் 'டான்சா மகாப்ரா'. ஓர் இரவு முழுவதும் பாழடைந்த கோட்டையில் தங்குவதாகப் பந்தயம் கட்டும் பத்திரிகையாளன் அங்கே எலிசபெத் என்ற பெண்ணைச் சந்திக்கிறான், காதல் கொள்கிறான். அவள் மார்பில் தலை சாய்த்துக் கேட்கிறான். இதயம் துடிக்கவில்லை. அந்த நொடியில் ஸ்டீலின் முகத்தில் தெரிவது பயமுறுத்தல் இல்லை. தெரிந்துவிட்டதே என்ற கூச்சம், இவன் போய்விடுவானே என்ற துக்கம். செத்தவளுக்கு வெட்கம் வருவதை வேறு எந்தப் பேய்ப்படத்திலும் நான் பார்த்ததில்லை. மார்கெரிட்டியே 1971இல் இதே கதையை வண்ணத்தில், ஸ்டீல் இல்லாமல், மறுபடி எடுத்தார். கிளாஸ் கின்ஸ்கி போன்ற பெரிய நடிகர் அதில் இருந்தும் என்னைப் பொறுத்தவரை அது வெறும் கூடாகத்தான் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு நடிகை ஒரு படத்துக்கு என்ன கொண்டுவருகிறார் என்பது தெரியும். 1965இல் மாரியோ கயானோ எடுத்த 'நைட்மேர் காசில்' படத்தில் மறுபடி இரட்டை வேடம், இந்தமுறை கருங்கூந்தல் ஒன்று, பொன்னிறக் கூந்தல் ஒன்று. இசை என்னியோ மோரிகோனே. படம் சுமார்தான், ஆனால் விக் மாறியதால்தான் ஆள் வேறு என்று தெரிகிறதா, அல்லது விக் இல்லாமலும் தெரியுமா என்று பார்ப்பதற்கு நல்ல பாடம்.

இடையில் 1963இல் ஃபெல்லினியின் 'எட்டரை'. அதில் வயதான ஒருவரின் இளம் காதலி குளோரியாவாக வந்து ட்விஸ்ட் ஆடுகிறார். சின்ன வேடம்தான். ஆனால் கல்லறைகளுக்கு நடுவே மட்டும் பார்த்த முகத்தை வெளிச்சத்தில், நகைச்சுவையோடு பார்க்கக் கிடைக்கிறது. 1966இல் ஜெர்மனியின் ஃபோல்கர் ஷ்லோண்டோர்ஃப் தன் முதல் படமான 'யங் டோர்லஸ்'இல் அவருக்கு ஒரு வேடம் கொடுத்தார். இப்படிப்பட்ட படங்களை அவர் விரும்பினார், சவப்பெட்டியிலிருந்து எழுந்து வரும் வேடங்களில் அலுத்துப்போனார் என்பது அவர் பேட்டிகளில் வெளிப்படையாகவே சொன்ன விஷயம். ஆனால் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டது சவப்பெட்டிதான். 1966இல் வந்த 'தி ஷீ பீஸ்ட்' படத்தை இயக்கிய மைக்கேல் ரீவ்ஸ் இருபதைத் தாண்டிய இளைஞர், அவரும் பிரிட்டிஷ்காரர். ஸ்டீலை ஒரே ஒரு நாளுக்கு ஒப்பந்தம் செய்து, அந்த ஒரு நாளை முடிந்த மட்டும் நீட்டி, அவருடைய காட்சிகளை எல்லாம் எடுத்துக்கொண்டார் என்று படக்குழுவினர் சொல்கிறார்கள். அவர் பெயருக்கு எவ்வளவு மதிப்பு, அவர் நேரத்துக்கு எவ்வளவு குறைந்த விலை என்பது அதிலேயே தெரிகிறது. அதே வருடம் கமில்லோ மாஸ்ட்ரோசிங்கேயின் 'ஆன் ஏஞ்சல் ஃபார் சாத்தான்' அவருடைய கடைசி இத்தாலிய கோதிக் படமாக, அதாவது பழைய கோட்டை, கல்லறை என்று நடக்கும் பேய்ப்படமாக, அமைந்தது. அதற்குள் கௌபாய் படங்களும் உளவாளிப் படங்களும் சந்தையைப் பிடித்துவிட்டன. இத்தாலியில் ஒரு வகைப் படம் ஓடினால் அதையே பத்துப் பேர் எடுப்பார்கள், வற்றியதும் அடுத்த ஊற்றுக்குப் போய்விடுவார்கள். பேய்க்கோட்டைகள் அப்படித்தான் காலியாயின.

அதற்குப் பிறகான வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1968இல் பிரிட்டனிலேயே 'கர்ஸ் ஆஃப் தி கிரிம்சன் ஆல்டர்' படத்தில் கிறிஸ்டோபர் லீ, போரிஸ் கார்லாஃப் இருவரோடும் நடித்தார். பச்சை வண்ணம் பூசி, கொம்பு வைத்த கிரீடம் சூட்டி உட்காரவைத்துவிட்டார்கள். 1975இல் கனடாவில் டேவிட் குரோனன்பெர்க்கின் 'ஷிவர்ஸ்', 1978இல் ஜோ டான்டேயின் 'பிரானா', இரண்டிலும் அவர் குரலையே கேட்கலாம். அழுத்தமான, நிதானமான குரல். இதையா மாற்றினார்கள் என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது. அப்புறம் தயாரிப்புப் பக்கம் போய், 'வார் அண்ட் ரிமெம்ப்ரன்ஸ்' என்ற பிரம்மாண்டமான தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவராக 1989இல் எம்மி விருது பெற்றார். பேய்ப்பட ரசிகர்கள் பலருக்கு இது தெரியாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. குரல் போனால் நடிப்பில் பாதி போய்விடுகிறது என்பதை நான் மறுக்க மாட்டேன், நானே அதைப் பார்க்கிறவன். கிறிஸ்டோபர் லீக்கும் பாவாவின் படங்களில் ஆங்கிலக் குரல் வேறொருவர்தான் கொடுத்தார். லீயின் பலத்தில் பெரும்பகுதி அந்தக் கனத்த குரல், அதனால் அந்தப் படங்களில் அவர் குறைந்து தெரிகிறார். ஸ்டீலிடம் அந்த அளவு குறை தெரியவில்லை. டப்பிங் மேசையில் நாங்கள் ஒரு காட்சியை முதலில் ஒலி இல்லாமல் ஓட்டுவோம். எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லுக்கு முன்னால் கண் அசைகிறது, எங்கே பேச நினைத்து நிறுத்துகிறார் என்று குறித்துக்கொள்வோம். மோசமான நடிகர் என்றால் அந்தத் தாளில் குறிப்பதற்கு எதுவும் இருக்காது, உதடு திறப்பதும் மூடுவதும் மட்டும்தான். நல்ல நடிகர் என்றால் எண்ணம் முதலில் முகத்தில் வந்துவிடும், வார்த்தை பின்னால் வரும். குரல் கொடுப்பவர் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். 'பிளாக் சண்டே'யில் ஸ்டீலின் காட்சிகளை அப்படி ஓட்டிப் பார்த்தேன். ஆசாவுக்கும் காத்யாவுக்கும் கண் இமைக்கும் வேகமே வேறு. ஆசா பேசும்போது இமைப்பதே குறைவு. காத்யா ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறாள். இதைச் செய்தது ரோமிலோ நியூயார்க்கிலோ மைக்கின் முன் நின்ற யாரும் இல்லை.

நீங்கள் அடுத்து எதைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். 'டான்சா மகாப்ரா'வை முதலில் பாருங்கள், இத்தாலிய ஒலியில். பிறகு ஃப்ரெடாவின் இரண்டும். அதற்கு அப்புறம் கோர்மனின் படத்தின் கடைசிக் காட்சி. எலிசபெத்தாக வரும் ஸ்டீல் வாய் கட்டப்பட்டு, ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறார். அவர் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போகப்போகிறார்கள். கேமரா சட்டென்று திரும்பி, பெட்டியின் இடைவெளி வழியே அந்தக் கண்களைக் காட்டுகிறது. வசனம் இல்லை, டப்பிங் செய்ய எதுவுமே இல்லை.